லொறி மறக்க முதல் ஒரு மெயில் போடுங்கோ



இந்தக் கிழமை எபிசோடில் கார்கள் எங்களைப் பற்றி என்னென்ன சேர்த்து வைக்கின்றன என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். யார் விற்கிறார்கள், எந்த செட்டிங்கை அணைக்கலாம், இதுதான் பேச்சு. பதிவை நிறுத்தின பிறகு நான் இன்னொரு கதை சொன்னேன். "இதை ஏன் மைக்குக்கு முன்னால சொல்லேல்லை?" என்று கேட்டார்கள். சொல்லாததுக்குக் காரணம், அது என்ர மாமாவின் கதை. இப்ப அவரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் எழுதுறேன். எபிசோட் முழுக்க நாங்கள் வேண்டாத டேட்டாவைப் பற்றித்தான் கதைத்தோம். இது தேவைப்பட்ட நேரத்தில் இல்லாமல் போன டேட்டாவின் கதை.

மாமா அம்மாவின் தம்பி. எண்பதுகளின் கடைசியில் டென்மார்க் வந்து, கொஞ்சக் காலம் மீன் ஃபாக்டரியில் நின்று, பிறகு லொறி லைசென்ஸ் எடுத்தவர். இருபது வருசத்துக்கு மேல் ஓகூஸ் துறைமுகத்தில் கொண்டெய்னர் ஏற்றி யூட்லாந்து முழுக்க இறக்கியிருக்கிறார். ஒரு நவம்பர் மாதப் பின்னேரம், நாலே முக்கால் இருக்கும், இருட்டிப் போச்சு, மழை தூறிக்கொண்டிருந்தது. சிக்னல் சந்தியில் பச்சை விழ வலப்பக்கம் திரும்பினார். சைக்கிள் பாதையில் நேரே வந்த ஒரு மாணவி லொறியின் பக்கத்தில் மோதி விழுந்தா. இடுப்பெலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

ஓகூஸில் சைக்கிள் ஓடுற யாருக்கும் இந்தப் பயம் தெரியும். வலப்பக்கம் திரும்புற லொறி, நேரே போகிற சைக்கிள்: டேனிஷில் இந்த விபத்துக்கென்றே ஒரு சொல் இருக்கு. நாட்டின் வீதி விபத்து விசாரணைக் குழு 2006இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதியது. எனக்கும் அந்தப் பயம் இருக்கு. நானும் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போறேன். அதனால் மாமா என்பதற்காக அவர் பக்கம் மட்டும் நின்று எழுத எனக்கு விருப்பமில்லை.

கேள்வி இரண்டுதான். கோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாரா? எந்த வேகத்தில் திரும்பினார்? பஸ் தரிப்பில் நின்ற ஒருவர், லொறி வேகமாகத் திரும்பினது என்று பொலிசுக்குச் சொன்னார். மாமா சொன்னது வேறு.

"தம்பி, நான் நடக்கிற வேகத்திலதான் திரும்பினனான். உள்ளுக்கு அந்தப் பெட்டி இருக்குத்தானே. அதைப் பாத்தா எல்லாம் விளங்கும்."

அந்தப் பெட்டிக்கு டாக்கோகிராஃப் என்று பெயர். 2006 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக வீதிக்கு வந்த, 3.5 தொன்னுக்கு மேற்பட்ட அநேகமான எல்லா லொறியிலும் டிஜிட்டல் டாக்கோகிராஃப் இருக்கிறது. சாரதி தன் அட்டையைச் செருகிவிட்டுத்தான் ஓட வேண்டும். எப்ப ஓடினார், எப்ப ஓய்வெடுத்தார், எப்ப வேறு வேலை செய்தார் என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். வண்டிக்குள் இருக்கிற பகுதி இந்த விவரத்தை ஏறக்குறைய ஒரு வருசம் வைத்திருக்கும். மாமா நம்பியது பிழை இல்லை. பெட்டி இருக்கு. ஒரு வருச ஞாபகமும் இருக்கு.

ஆனால் அந்த ஒரு வருச ஞாபகத்துக்குள் வேகம் இல்லை. வேகத்தை அது செக்கனுக்கு ஒருமுறை வேறொரு இடத்தில் எழுதுகிறது. அந்த இடம் சின்னது. விதிப்படி கடைசி 24 மணித்தியால ஓட்டத்துக்கு இடம் இருந்தால் போதும். எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வெள்ளைப் பலகை மாதிரி: எழுதி எழுதி வலது ஓரத்துக்கு வந்ததும், ரீச்சர் இடது ஓரத்தை அழித்துவிட்டு மேலே எழுதுவா. புதுசு வரும்போது பழசு போய்விடும்.

24 மணித்தியாலம் என்பது கடிகாரக் கணக்கு இல்லை, சில்லு உருண்ட நேரக் கணக்கு. ஒரு சாரதி வழக்கமாக ஒரு நாளைக்கு 9 மணித்தியாலம் ஓடலாம். அப்படியென்றால் மூன்று நாள் முடிய முதலே பலகை அழிந்துவிடும். அதே லொறியை இரவில் இன்னொருவர் ஓடினால் ஒன்றரை நாள்கூடத் தாங்காது.

அன்றிரவு பொலிஸ் அளந்தது, படம் எடுத்தது, மாமாவை ஊதச் சொன்னது. பூச்சியம். லொறியில் பெரிய சேதமில்லை, விட்டுவிட்டார்கள். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு வேறொரு சாரதி அதே லொறியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்டார். கொம்பனியில் யாரும் எதையும் மறைக்க நினைத்ததாக நான் நினைக்கவில்லை. சாமான் போக வேண்டும், வண்டி ஓடியது. நாங்கள் கொம்பனிக்கு மெயில் எழுதினது பன்னிரண்டாம் நாள். பொலிஸ் எடுத்திருக்கும் எண்டு நாங்கள் நினைச்சம். காப்புறுதி கேட்கும் எண்டு கொம்பனி நினைத்திருக்கும். கொம்பனி எடுத்து வைத்திருக்கும் எண்டு காப்புறுதி நினைத்திருக்கும். பதில் மரியாதையாகத்தான் வந்தது: நடவடிக்கைப் பதிவு எல்லாம் இருக்கிறது, செக்கன் வேகம் மட்டும் இல்லை.

எனக்கு வந்த கோபம் என்னில்தான். சேர்வர் லொக் எத்தனை நாள் இருக்க வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதுவதுதான் என்ர தொழில். ஒரு சேர்வருக்குள் யாரோ புகுந்துவிட்டான் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் முதல் சொல்லுறது: ரீஸ்டார்ட் பண்ணாதே, ஒண்டையும் தொடாதே, லொக்கைப் பிரதி எடு. முதலாம் வருசக்காரனுக்கும் தெரிந்த பாடம். சொந்த மாமாவின் லொறி என்றதும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பிறகு சட்டத்தை எடுத்து வாசித்தேன். கொம்பனி சாரதியின் அட்டையை 28 நாளுக்கு ஒருமுறையாவது, வண்டியின் பெட்டியை 90 நாளுக்கு ஒருமுறையாவது பதிவிறக்க வேண்டும். இது 2010ஆம் ஆண்டின் 581ஆம் இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதி. எதைப் பதிவிறக்க வேண்டும்? டாக்கோகிராஃப் பதிந்த எல்லாத் தரவும், விரிவான வேகத் தரவைத் தவிர. ஓம், அப்படியே எழுதி இருக்கு. அந்தச் சட்டத்தின் நோக்கம் சாரதி போதிய ஓய்வு எடுத்தாரா என்று பார்ப்பது. அதற்கு செக்கன் வேகம் தேவையில்லை. விபத்தை நினைத்து எழுதின சட்டம் இல்லை அது. விளைவு என்னவென்றால், விபத்தில் முதல் கேட்கப்படும் கேள்விக்கு விடை தரக்கூடிய ஒரே பகுதியை, யாராவது கேட்டால் ஒழிய யாரும் எடுக்கத் தேவையில்லை.

இப்ப இன்னொரு விபத்துக்கு வாறேன். உங்களில் பலர் சின்னனாக இருந்திருப்பீங்கள், ஆனால் பெரியாக்களுக்கு ஞாபகம் இருக்கும். 2017 ஓகஸ்ட் 26, சனிக்கிழமை, விடிய மூன்று மணிக்குப் பிறகு. இங்கிலாந்தில் எம்1 நெடுஞ்சாலை, நியூபோர்ட் பாக்னெல்லுக்குக் கிட்ட. நொட்டிங்ஹாமிலிருந்து லண்டனை நோக்கிப் போன ஒரு மினிபஸ். உள்ளே இருந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர் பலர். சுற்றுலா போக வெளிக்கிட்டவர்கள். எட்டுப் பேர் இறந்தார்கள், சாரதியும் அதில் ஒருவர். விப்ரோவில் வேலை செய்த மூன்று பேரும் அதில். இதை வாசிக்கிற உங்களையும் என்னையும் போல ஐ.டி. ஆக்கள்.

இரண்டு லொறிகள் சம்பந்தப்பட்டன. ஒன்று ஓரப் பாதையில் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது. மினிபஸ் அதற்குப் பின்னால் மாட்டுப்பட்டு, விலகிப் போக வழி பார்த்து நின்றது. இரண்டாவது லொறி பின்னால் வந்து மோதியது. நீதிமன்றத்தில் என்ன தெரிய வந்தது என்று பாருங்கோ. முதலாவது லொறி அந்த இடத்தில் 12 நிமிடம் நின்றிருக்கிறது, அதன் சாரதி குடித்திருந்தார். இரண்டாவது லொறி குரூஸ் கன்ட்ரோலில் மணிக்கு 56 மைலில், அதாவது 90 கிலோமீற்றரில் வந்திருக்கிறது, அதன் சாரதி ஹான்ட்ஸ்ஃப்ரீயில் கதைத்துக்கொண்டிருந்தார். 2018 மார்ச்சில் ஒருவருக்கு 14 வருசம், மற்றவருக்கு 3 வருசமும் 4 மாதமும் தண்டனை.

பன்னிரண்டு நிமிடம், ஐம்பத்தாறு மைல், ஒரு தொலைபேசி அழைப்பு. இப்படியான விவரத்தை விடிய மூன்று மணிக்கு வீதியோரத்தில் நின்று பார்த்துச் சொல்லக்கூடிய மனிதர் யார்? ஊரில் விபத்து என்றால் சந்தியில் நாலு பேர் நிற்பார்கள், கடைக்காரர் இருப்பார், கதை பத்து விதமாக வந்தாலும் கதை இருக்கும். நெடுஞ்சாலையில் யாரும் நிற்பதில்லை. அங்கே சாட்சி என்பது கமெரா, ஃபோன், வண்டிக்குள் இருக்கிற பெட்டிகள். அந்தக் குடும்பங்களுக்குப் போனவர்கள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் என்ன நடந்தது என்றாவது தெரியும்.

மாமாவின் சந்திக்கும் எம்1க்கும் வித்தியாசம் என்ன? தொழில்நுட்பம் இல்லை. அங்கே எட்டுப் பேர் செத்தார்கள், அதனால் அது முதல் நிமிடத்திலிருந்தே பெரிய குற்ற விசாரணை. டென்மார்க்கிலும் பாரதூரமான விபத்து என்றால் பொலிஸ் வாகனப் பரிசோதகரைக் கூப்பிடும், வண்டி அசையாது. இடுப்பெலும்பு முறிவு என்றால் லொறி விடிய ஐந்து மணிக்குப் போய்விடும். அதாவது சாட்சியம் மிஞ்சுமா இல்லையா என்பதை, காயம் எவ்வளவு பெரிசு என்று முதல் ஒரு மணித்தியாலத்தில் யாரோ ஒருவர் மழைக்குள் நின்று போடுற மதிப்பு தீர்மானிக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் கழித்து நடக்க முடியுமா என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என்ர கருத்து இதுதான்: லொறி சம்பந்தப்பட்ட விபத்தில் ஒருவர் காயப்பட்டால், அந்த லொறி அடுத்த தடவை ஓட முதல், செக்கன் வேகம் உட்பட எல்லாத்தையும் பதிவிறக்கி வைக்க வேண்டும். கேட்டால்தான் என்று இல்லை, கேட்காமலே. இன்றைக்கு இருக்கிற ஏற்பாடு, கேட்கத் தெரிந்தவனுக்கு மட்டும் சாட்சியம் கொடுக்கிறது. கேட்கத் தெரிந்தவர் யார்? கொம்பனியின் வழக்கறிஞர், காப்புறுதிக்காரர். தெரியாதவர் யார்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கிற மாணவி. டேனிஷ் கடிதம் வந்தால் இன்னும் மருமகனுக்கு ஃபோன் எடுக்கிற சாரதி.

இதற்கு எதிர்ப்பேச்சு இருக்கிறது. முதலாவது செலவு: லொறியை மறித்து வைத்தால் யார் காசு கட்டுறது? மறித்து வைக்கத் தேவையில்லை. கொம்பனி அட்டையும், கையளவு பதிவிறக்கக் கருவியும் இருந்தால் வழக்கமாக ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடியும். கருவி அநேகமாகக் கொம்பனியிலேயே இருக்கும். 90 நாளுக்கு ஒருமுறை அதைத்தானே செய்கிறார்கள்? செக்கன் வேகத்தையும் சேர்த்து எடு என்று ஒரு தெரிவு கூட.

இரண்டாவது எதிர்ப்பை நான் மதிக்கிறேன். இது சாரதியை இன்னும் கண்காணிக்கிற வேலை இல்லையா? நாங்களே பொட்காஸ்டில் கண்காணிப்பைத் திட்டிவிட்டு, இங்கே வந்து டேட்டாவைச் சேர் என்று சொல்லலாமா? நான் புதுசாக எதையும் பதியச் சொல்லவில்லை. ஏற்கெனவே பதிந்ததை அழிய விடாதே என்கிறேன். பாதுகாப்பது வேறு, திறந்து பார்ப்பது வேறு. பூட்டி வைக்கட்டும், பொலிசோ நீதிமன்றமோ கேட்டால் மட்டும் திறக்கட்டும். சாரதியும் காயப்பட்டவரும் தங்கள் வழக்குக்குப் பிரதி கேட்கலாம். முதலாளி அதை எடுத்து வைத்துக்கொண்டு "நீ பிரேக்கை இறுக்கி அடிக்கிறாய்" என்று சம்பளக் கதை கதைக்கக் கூடாது.

டேட்டா பொய் சொல்லாது என்றும் நான் சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் இருந்துகொண்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2019இல் நடந்தது ஞாபகம் இருக்கா? தொலைபேசிக் கொம்பனிகளிலிருந்து வந்த மூலத் தரவைப் பொலிசார் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிற மென்பொருள் சில பதிவுகளை விட்டுவிட்டிருந்தது. ஃபோன் எங்கே இருந்தது என்று காட்டுகிற இடத் தகவலிலும் பிழைகள். அந்த ஓகஸ்டில் நாட்டின் தலைமை அரச வழக்கறிஞர், நீதிமன்றங்களில் தொலைபேசித் தரவைச் சாட்சியமாகப் பாவிப்பதை இரண்டு மாதத்துக்கு நிறுத்தினார். 2012 முதல் நடந்த ஏறக்குறைய 10,700 வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது.

அதிலிருந்து நான் எடுக்கிற பாடம், மூலக் கோப்பை வைத்திரு என்பது. மூலத்தோடு ஒப்பிட்டால்தான் இப்படியான பிழை பிடிபடும். டாக்கோகிராஃபில் இது இன்னும் முக்கியம். அதிலிருந்து இறங்குகிற மூலக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். யாராவது ஒரு எழுத்தை மாற்றினாலும் சரிபார்க்கும்போது தெரிந்துவிடும். அதை யாரோ அழகான பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. எக்செல் ஆக்கினால் இன்னும் மோசம்.

ஒரு சின்ன உதாரணம். காப்புறுதியிலிருந்து வந்த முதல் கடிதத்தில், விபத்து நடந்த நேரம் மாமாவின் லொறி நின்றுகொண்டிருந்தது என்று இருந்தது. மாமாவுக்குத் தலை சுற்றியது. "அப்ப ஆர் மோதினது?" என்று கேட்டார். பார்த்தால், டாக்கோகிராஃப் நேரத்தை யூடிசியில் எழுதுகிறது, நவம்பரில் டென்மார்க் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால். பிரச்சினை அவ்வளவுதான். ஒரு மெயிலில் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு மெயிலை எழுத வீட்டில் ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

"புது லொறிகளில் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லுற ஆக்களும் இருக்கினம். ஒரு பங்கு உண்மை. விபத்துத் தரவுப் பதிவான் ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயம். லொறிக்கும் பஸ்சுக்கும் 2026 ஜனவரி முதல் புது மொடல்களிலும், 2029 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகிற எல்லாத்திலும் வரவேண்டும். சைக்கிள்காரரைக் கண்டு எச்சரிக்கிற கருவியும் 2024 ஜூலை முதல் புது லொறிகளில் கட்டாயம். ஆனால் அந்தப் பதிவான் பற்றிய ஒழுங்குவிதியை வாசியுங்கோ: தரவில் யாருடைய வண்டி என்று தெரியக் கூடாது, அரச அமைப்புகளுக்கு விபத்து ஆராய்ச்சிக்கும் பகுப்பாய்வுக்கும் மட்டும் கொடுக்கலாம். ஆராய்ச்சிக்கு நல்லது. இடுப்பு முறிந்த மாணவி இதை எப்படிக் கேட்டு வாங்குவது? தவிர, பழைய லொறிகள் இன்னும் பல வருசம் ஓடும். பெட்டி கூடினால் சாட்சியம் கூடும் என்பது தானாக நடக்கிற விசயம் இல்லை.

சட்டம் மாற நாளாகும். விபத்து இன்றிரவும் நடக்கலாம். அதனால் இது நடைமுறைப் பகுதி. உங்கட வீட்டில் லொறி, பஸ் ஓடுற ஆக்கள் இருந்தால் சேமித்து வையுங்கோ. சைக்கிள் ஓடுற ஆளாக இருந்தாலும் சேமித்து வையுங்கோ.

முதலாவது, அன்றிரவே கொம்பனிக்கு மெயில். விளக்கம் நீளமாக வேண்டாம். வண்டி இலக்கம், இடம், நேரம். "இந்த வண்டி மறுபடி ஓட முதல், விரிவான வேகத் தரவு உட்பட டாக்கோகிராஃபைப் பதிவிறக்குங்கள். ஜீபிஎஸ் பதிவு, வண்டிக் கமெரா, அன்றைய கட்டளைச் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். மூலக் கோப்புகளாகவே வைத்திருங்கள்." அவ்வளவும் போதும். காப்புறுதிக்கு ஒரு பிரதி, பொலிஸ் வழக்கு இலக்கம் கிடைத்ததும் பொலிசுக்கு ஒரு பிரதி. அமெரிக்காவில் லொறி விபத்து வழக்கறிஞர்கள் முதல் செய்வது இப்படியொரு கடிதம் அனுப்புவதுதான். அங்கே, தரவை வேண்டுமென்றே இல்லாமல் ஆக்கினார்கள் என்று கண்டால், அது அவர்களுக்குப் பாதகமான தரவு என்று ஊகிக்கும்படி ஜூரிக்குச் சொல்லக்கூட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எந்த நாடாக இருந்தாலும் அந்தக் கடிதம் ஒன்றைச் செய்யும்: "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாமல் செய்யும்.

இரண்டாவது, காயப்பட்டவருக்கு. லொறியின் வேகம் சாரதியைப் பற்றிய தகவல். அதனால் ஜீ.டி.பி.ஆரைக் காட்டி நீங்கள் அதைக் கேட்க முடியாது. பொலிசிடம் சொல்லி எடுப்பியுங்கோ, வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில். வழக்குத் தொடங்க முதலே சாட்சியம் எடுக்க டேனிஷ் நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 343ஆம் பிரிவு வழி விடுகிறது, ஆனால் அதற்கு வழக்கறிஞர் வேண்டும், நாளும் எடுக்கும். வீட்டுப் பொருட்களுக்கு எடுக்கிற காப்புறுதியில் பெரும்பாலும் சட்ட உதவியும் அடங்கும், பார்த்துக்கொள்ளுங்கோ. உங்கட கடிகாரம், ஃபோன், சைக்கிள் கொம்பியூட்டர் எல்லாம் உங்கள் பக்கச் சாட்சியம். அழிக்காமல், மூலக் கோப்பாக வெளியே எடுத்து வையுங்கோ.

மூன்றாவது, சாரதிக்கு. டாக்கோகிராஃபில் அன்றைய நாளின் அச்சை அங்கேயே எடுத்து, நேரம் யூடிசி என்று பக்கத்தில் எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும். அட்டையிலிருந்து இறக்கின தரவின் பிரதியைக் கேட்டால் கொம்பனி கொடுக்க வேண்டும், அது டாக்கோகிராஃப் ஒழுங்குவிதியிலேயே இருக்கு. ஜீ.டி.பி.ஆர். 15ஆம் பிரிவு உங்களைப் பற்றிய தரவைக் கேட்கும் உரிமை. 18ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம்: கொம்பனிக்கு இனித் தேவையில்லாத தரவாக இருந்தாலும், உங்கட வழக்குக்குத் தேவை என்றால் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லலாம். நாங்கள் அழிக்கச் சொல்லிக் கேட்கிற சட்டம் என்றுதான் அதை நினைத்திருந்தோம், இல்லையா? ஆனால் பதில் சொல்லக் கொம்பனிக்கு ஒரு மாதம் இருக்கு, பலகைக்கு மூன்று நாள். அதனால் உரிமையை மட்டும் எழுதாமல், "வண்டி ஓட முதல்" என்ற சொல்லையும் எழுதுங்கோ. 3எஃப் மாதிரி தொழிற்சங்கத்தில் இருந்தால் அன்றைக்கே அவர்களுக்கும் சொல்லுங்கோ.

நாலாவது, அக்கம்பக்கத்துக் கமெரா. டென்மார்க்கில் கடைகள், பெற்றோல் நிலையங்களின் பதிவுகள் பொதுவாக 30 நாளுக்குள் அழிக்கப்பட வேண்டியவை. எங்கெங்கே கமெரா இருக்கு என்று அடுத்த நாளே போய்ப் பார்த்து, பட்டியலாகப் பொலிசுக்குக் கொடுங்கோ.

இதை ஏன் உங்களுக்கு எழுதுறேன்? ஏனென்றால் இந்த வேலை உங்களுக்குத்தான் வரும். கொம்யூனிலிருந்து வந்த கடிதத்தை எட்டு வயசில் அம்மாவுக்கு மொழிபெயர்த்த பிள்ளைகள் நாங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டருக்கும் அப்பாவுக்கும் நடுவில் நின்றவர்கள். இப்ப மொழியோடு கொம்பியூட்டரும் தெரியும். வீட்டில் யாருக்கோ விபத்து என்றால் ஃபோன் உங்களுக்குத்தான் வரும், அனேகமாக இரவில்தான் வரும். அந்த நேரம் ஆளுக்கு என்ன என்று கேட்டு, ஆறுதல் சொல்லி, பிறகு ஐந்து நிமிடம் எடுத்து மெயிலை எழுதுங்கோ. ஆறுதல் அடுத்த கிழமையும் சொல்லலாம்.

மாமாவின் வழக்கு தரிப்பில் நின்றவரின் வாக்குமூலத்தோடு முடிந்தது. குற்றக்காசைக் கட்டினார். அந்த மாணவி திரும்ப நடக்கிறா என்று கேள்விப்பட்டோம். மாமா இன்னும் ஓடுகிறார். போன மாதம் ஹேர்னிங் பிள்ளையார் கோயிலால் வரும்போது காரில் அவர் பக்கத்தில் இருந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர் கேட்டார்:

"நான் மெதுவா எண்டுதான் நினைக்கிறன். ஆனா ஒவ்வொரு நாளும் நினைச்சு நினைச்சு, இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. உண்மையா என்ன வேகத்தில திரும்பினனான், தம்பி?"

குற்றக்காசு அவரை வருத்தவில்லை. இந்தக் கேள்வி வருத்துகிறது. விடை ஒன்று இருந்தது. செக்கனுக்கு ஒரு எண்ணாக, கிட்டத்தட்ட மூன்று நாள் அந்த லொறிக்குள் இருந்தது. அது மாமாவுக்கு எதிராகவும் இருந்திருக்கலாம். அப்படியிருந்தாலும் அவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த எபிசோடில் இதைப் பற்றி மைக்குக்கு முன்னால் கதைப்போம், மாமாவும் வர ஓம் என்று சொல்லியிருக்கிறார். உங்கட வீட்டிலும் இப்படி ஒரு கதை இருந்தால் எழுதி அனுப்புங்கோ. மேலே சொன்ன மெயிலின் டேனிஷ் வடிவம் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கோ, அனுப்பி வைக்கிறேன்.

சைக்கிளில் போறவை லைட்டைப் போட்டுக்கொண்டு போங்கோ.